மஞ்சள் குழாயும் மூன்று ஸ்டாண்டுகளும்

மாம்பாக்கம் தாண்டும்போது இடது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயில் ஏறாத நேரம். தார் இன்னும் சுடவில்லை. முதுகில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தட்டு. பின்னால் கேளம்பாக்கம். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தாயிற்று. கூட இருந்தவர்கள் மேஸ்திரியோடு ஓசூருக்கு லாரி ஏறினார்கள். எனக்கு ஏறத் தோன்றவில்லை. ஒன்பதாவது வகுப்பில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் ஒரு காலையில் வேறு பக்கம் திரும்பி நடந்ததும் இப்படித்தான். காரணம் கேட்டால் அன்றும் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

வண்டலூர் பாலத்தடியில் ஒரு குட்டி லோடு வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் தனி ஆள். பின்னால் அலுமினியக் கம்பிக் கட்டுகளும் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தன. திருமுடிவாக்கம் போகிறேன், இறக்குவதற்கு ஆள் இல்லை, இறக்கிக் கொடுத்தால் ஏறிக்கொள் என்றார். எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். ஏறிக்கொண்டேன். வெளிவட்டச் சாலையில் காற்று முகத்தில் அடித்தது. காலைத் தூக்கி எதிரே வைத்துக் கொப்புளத்தை ஆறவிட்டேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மூன்று லேத்துகள் போட்ட ஒரு சின்ன ஷெட்டின் முன் வண்டி நின்றது. கம்பிக் கட்டுகளை முதலில் இறக்கினேன். தோள் பழகிய கனம்தான். பிறகு அட்டைப்பெட்டிக்குக் குனிந்து, அதற்கும் அதே மாதிரி மூச்சைப் பிடித்து ஒரு எம்பு எம்பினேன். பெட்டி மேலே பறந்து வண்டிக் கூரைக் கம்பியில் போய் இடித்தது. நானும் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன்.

"பாத்துப்பா, உள்ள கார்பன் குழாய் கீது" என்று ஷெட்டுக்குள்ளிருந்து ஒருவர் ஓடிவந்தார். நரைத்த தாடி, முழங்கை வரை எண்ணெய். பேட்டையில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டியைப் பிரித்து ஒரு குழாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு, விரல் பருமன், என் நெஞ்சு வரை நீளம். கையில் ஏதோ இருக்கிறது என்று கண் சொன்னது; கை சொல்லவில்லை. சவுக்கு, மூங்கில், இரும்பு என்று எத்தனையோ சுமந்திருக்கிறேன். நீளமான பொருள் கனக்கும் என்பது என் உடம்புக்குத் தெரிந்த ஒன்று. அது பொய்யாகப் போனதில் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். குழாயின் இரு முனைகளையும் பிடித்து முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தேன். வளையவில்லை.

வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாய் கைவிரித்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அங்கே எல்லோருக்கும் அக்கா, தலையை நீட்டி, மலை ஏறிப் பழக்கம் உண்டா என்று கேட்டார். வினோதமான கேள்விதான். ஆனால் உண்டு. ஒரு கோடை முழுவதும் இமாச்சலத்தில் மலையேற வருகிறவர்களுக்கு மூட்டை சுமந்திருக்கிறேன். அதைச் சொன்னேன். எடை குறைப்பதற்காக மாத்திரை அட்டையின் ஓரங்களைக்கூடக் கத்தரித்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றியும் சொன்னேன். அக்கா பாயைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? அட்டையோட ஓரத்த வெட்டுறாங்க. நீங்க என்னடான்னா மூணு காலு வச்சுக்கினு கீறீங்க."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஷெட் அதுவரை கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிகள் செய்துகொண்டிருந்தது. அந்த ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை ஒரு வெளிநாட்டு வியாபாரி. அவர் மலையில் வேட்டையாடுகிறவர்களுக்குச் சாமான் விற்பவர். துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுட ஒரு தாங்கி வேண்டும் என்று எழுதியிருந்தார். எவ்வளவு எடை குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும். சரிவில் அசையக் கூடாது. பல மாதிரிகள் அனுப்ப வேண்டாம், எது நல்லது என்று நீங்களே தேர்ந்து ஒன்றை மட்டும் அனுப்புங்கள். கூரியர்காரர் மறுநாள் சாயங்காலம் வருவார். அது தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் மாதக் கடைசியில் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், லேத்துகளை விற்க வேண்டும். அக்கா இதை அழுகையில்லாமல், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

செய்து வைத்திருந்தவை மூன்று. அங்கே அவற்றுக்கு ஸ்டாண்டு என்றுதான் பெயர். ஒன்று, மூன்று கால்களோடு நெஞ்சுயரம் நிற்பது. பாய்க்கு அதன்மேல்தான் ஆசை. இரண்டாவது, துப்பாக்கியின் முன்பக்கம் மாட்டி மடக்குகிற இரண்டு குட்டைக் கால்கள். மூன்றாவது இரண்டு நீளக் குச்சிகள். மேலே ஒரு பூட்டுக்கட்டையில் கத்தரிபோல் சேர்ந்து விரியும், கழற்றினால் தனித்தனி. சிமென்ட் தரையில் நிறுத்தினால் அந்தக் குச்சிகள் வழுக்கிப் படுத்துக்கொண்டன. கணக்குக்காகச் செய்த மூன்றாவது அது. எப்படியும் போகப்போவதில்லை என்று யாரும் அதை எடைகூடப் போடவில்லை.

அந்தத் தொழிற்பேட்டையில் ஒருவரும் வேட்டைக்காரரைப் பார்த்ததில்லை. வேட்டை இங்கே சட்டத்துக்கு விரோதம். துப்பாக்கிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே பாய் ஒரு இரும்புக் குழாயில் மணல் நிரப்பி, வியாபாரி எழுதிய துப்பாக்கி எடைக்குக் கொண்டுவந்து, மேலே பர்மா பஜாரில் வாங்கிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டியிருந்தார். குழாய்க்கு அடர்ந்த மஞ்சள் பெயின்ட். ஏன் மஞ்சள் என்று கேட்டேன். அக்கா பதில் சொன்னார்: "பக்கத்துல ஏர்போர்ட், அந்தாண்ட ஏர்ஃபோர்ஸ். இவரு தாடியோட கறுப்புக் குழாயத் தூக்கிக்கினு மலையேறுனா சாயங்காலம் நியூஸ்ல வந்துடுவோம்." பாயும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானச் சோறு அவர்கள் டப்பாவிலிருந்தே எனக்கும் வந்தது. பிறகு பாயின் வண்டியில் எருமையூர்ப் பக்கம் போனோம். அங்கே கல்குவாரிகள் தின்றது போக ஒரு குன்று மிச்சம் இருக்கிறது. ஒரு பக்கம் அறுத்த பாறை, மறுபக்கம் புல்லும் உதிர்ந்த சரளையுமாகச் சரிவு. பாய் மஞ்சள் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டார். அக்கா கைப்பையோடு வந்தார். மூன்று ஸ்டாண்டுகளும் தண்ணீரும் என் பொறுப்பு.

கொப்புளம் சரளையில் எரிந்தது. மூன்று காலைத் தோளில் மாட்டினேன், குட்டைக் காலைப் பைக்குள் போட்டேன். குச்சிகளைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்து ஊன்றிக்கொண்டு ஏறினேன். மூன்று கால் ஸ்டாண்டு தோளில் நழுவி நழுவி முழங்காலில் தட்டியது. ஷெட்டில் அதைத் தூக்கிப் பார்த்து இதெல்லாம் ஒரு எடையா என்று நினைத்திருந்தேன். பாதிச் சரிவில் அதே பொருளைத் திட்ட ஆரம்பித்தேன். எனக்கும் உள்ளுக்குள் மூன்று கால்தான் சரி என்ற எண்ணம் இருந்தது. சாரம் கட்டுகிறவன் இரண்டு காலை நம்ப மாட்டான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று பாய் சாமான்களை எண்ணினார். "ரெண்டுதான் கீது. குச்சிய வண்டியிலியே வுட்டுட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா என் கைகளைக் காட்டினார். நான் குச்சிகளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். பாய் பார்த்தார், நானும் பார்த்தேன். ஏறி வந்த வழி முழுவதும் அவற்றைச் சுமந்தோம் என்ற நினைப்பு எனக்கே இல்லை. அவைதான் என்னைச் சுமந்திருந்தன.

"சொமக்காத எடை, எடையே இல்லீங்க" என்றார் அக்கா மெதுவாக. பாய் தலையாட்டினார். ஆனால் மூன்று காலை முதலில் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். விட மனமில்லை.

மூன்று கால் சரிவில் நிற்க ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சரளையில் இறங்கியது. கடைசியில் நின்றது. மஞ்சள் குழாயை வைத்தோம். காற்று அதை லேசாகத் திருப்பியது. குட்டைக் காலுக்குப் படுக்க வேண்டும். படுத்தால் முன்னால் இருந்த புல்தான் தெரிந்தது. குச்சிகளைக் கத்தரிபோல் விரித்து நின்றபடி பிடித்தேன். தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன்.

குன்றத்தூர்க் கோயில் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஆனால் நிற்கவில்லை. அது குதித்துக்கொண்டிருந்தது. ஒரு சீரான குதிப்பு. காற்று என்று நினைத்தேன், காற்று நின்றும் குதித்தது. பிறகுதான் புரிந்தது, அது என் நெஞ்சுத் துடிப்பு. இங்கே என் விலாவுக்குள் ஒரு சதை சுருங்கினால் அங்கே கல் கோபுரம் ஒரு முழம் துள்ளுகிறது. பிறந்ததிலிருந்து எனக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒன்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பார்த்தார், அல்லாஹ் என்று முணுமுணுத்தார். அவருடைய துடிப்பில் அது இன்னும் வேகமாகக் குதித்திருக்கும்.

இமாச்சலத்தில் நான் கண்ட காட்டாடுகள் ஞாபகம் வந்தன. பெரிய வளைந்த கொம்புகள். ஒரு பிடிமானமும் இல்லாத பாறை விளிம்பில் நான்கு குளம்புகளையும் ஒரு கையளவு இடத்தில் வைத்து நிற்கும். நாங்கள் மூட்டையோடு மூச்சு வாங்கும்போது அவை அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதைப் பாயிடம் சொல்லி, இது அதைக் கொல்லத்தானே என்று கேட்டேன். குற்றம் சாட்டக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அவர் தாடியைத் தடவியபடி கொஞ்சம் யோசித்தார். "குர்பானிக்கு அறுக்குறப்ப கத்தி மழுங்கியிருந்தா அது பாவம்பா. ஒரே இழுப்புல முடியணும். மலையில ஒருத்தன் கை ஒதறிச்சுன்னா குண்டு கால்ல படும். அது நொண்டிக்கினே போயி எங்கியோ பள்ளத்துல கெடந்து சாவும். அவன் சுடறத நான் நிறுத்த முடியாது. நான் செஞ்ச சாமானால அது நொண்டக் கூடாது."

அப்போதுதான் கீழேயிருந்து ஒருவர் வேகமாக ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் செல்போன், அறுபது வயதிருக்கும். அடிவாரத்து நிலம் அவர் குடும்பத்தினுடையது. ஒருகாலத்தில் நெல், இப்போது பாதி மனைகள், மீதியில் வாடகைக் கிடங்குகள். எங்கள் மூன்று காலையும் மஞ்சள் குழாயையும் தொலைநோக்கியையும் பார்த்தார். மஞ்சள் பெயின்ட் போலீசை விலக்கியது. ஆனால் அதனால்தான் இன்னொன்று வந்து சேர்ந்தது. நிலம் அளக்கும் கருவிக்கும் அதே மஞ்சள்தான். அந்தப் பக்கத்தில் மூன்று காலோடு தொலைநோக்கி வந்தால் சாலைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"எந்த ஆபீசு சார் நீங்க? நோட்டீஸ் குடுக்காம அளந்துகினு கீறீங்க."

அளக்கவில்லை என்று பாய் சொன்னார். அவர் நம்பவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அளக்கவில்லை என்று சொன்னவர்கள் மறுவாரம் கல் நட்டதாகச் சொன்னார். அக்காதான் வியாபாரியின் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி முடித்தார். அவர் முகம் பாதிதான் தெளிந்தது. "ஆட்டச் சுடறதுக்கு ஸ்டாண்டா? ஆடு அதும்பாட்டுக்கு மேயுது, வூட்டுக்கு ஓட்டியாந்து அறுக்கறதுக்கு இன்னா?" என்றார். பாய் சிரிப்பை அடக்கினார். நீங்களே பாருங்கள் என்று மூன்று காலைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்து, இடுப்பு வலிக்கிறது என்று நிமிர்ந்துவிட்டார். என் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை, பாயும் அக்காவும் ஷெட்டில் அத்தனை நாளும், நான் அந்தக் குன்றிலும் நினைத்துப் பார்க்காதது என்று சொல்ல வேண்டும். அவர்கள் நின்று பார்த்திருந்தார்கள், படுத்துப் பார்த்திருந்தார்கள், ஸ்டூல் போட்டுப் பார்த்திருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் பாய்வதைப் பார்ப்பவர்போல, சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். குதிகால்கள் சரளைக்குள் ஊன்றின. இரண்டு முழங்கைகளும் இரண்டு முழங்கால்கள்மேல் தாமாகப் போய் அமர்ந்தன. குச்சிகளின் முனைகள் மண்ணில் இறங்கின. நான் மஞ்சள் குழாயைக் கத்தரி மடியில் வைத்தேன். அவர் கண்ணை வைத்தார்.

குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை. பாய் தன் கைக்குட்டையிலிருந்து ஒரு நூலை உருவி நுனியில் தொங்கவிட்டார். காற்றில் நூல் ஆடியது. குழாய் ஆடவில்லை.

"என் வூட்டு மாடி" என்றார் அவர் கடைசியில். குரல் மாறியிருந்தது. "கூழ் வத்தல் காயுது. காக்கா குந்திகினு துன்னுது."

கண்ணை எடுக்காமலே ஒரு கையால் செல்போனை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மாடிக்குப் போ, காக்கா வத்தலைத் தின்கிறது என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். எங்களுக்கு வெறும் கண்ணில் அடிவாரத்து வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. அவருக்குத் தெரிந்ததை அவர் முகத்தில்தான் பார்த்தோம். வந்துவிட்டாள் என்றார். துடைப்பத்தை எடுக்கிறாள் என்றார். பிறகு, திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், எங்கிருந்து நான் பார்த்தேன் என்று தேடுகிறாள் என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

மெல்லக் கண்ணை எடுத்தார். எங்களைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னார்: "அவளுக்குத் தெரியல. நான் இங்க கீறது தெரியல. அந்த ஆட்டுக்கும் இப்டித்தான் தெரியாது, இல்ல?"

மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று தூரத்தில் சக்கரங்களை விரித்தபடி போனது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, நிலம் அளக்க யாராவது வந்தால் சொல்லுங்கள் என்று பாயிடம் நம்பர் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பிறகு நாங்கள் ஒவ்வொருவராக அவர் உட்கார்ந்த இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தோம். என் முறை வந்தபோது கோபுரத்தைத் தேடிப் பிடித்தேன். மூச்சை விட்டேன். கோபுரம் நின்றது. என் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது. அது முழங்கால் வழியாக, குதிகால் வழியாக, குன்றுக்குள் போய்விட்டது. குன்று அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலைவரை எனக்கு மலை என்றால் ஏறி இறங்கிக் கடக்க வேண்டிய ஒன்று. அதன்மேல் சாய்ந்து நிற்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

குச்சிதான் போக வேண்டும் என்று பாய் சொன்னார். மூன்று காலை மடக்கும்போது அதை ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

அக்கா கைப்பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்துப் பாறைமேல் வைத்தார். அதற்காகத்தான் அந்தப் பையைத் தூக்கிவந்திருக்கிறார். குச்சிகளை அதன்மேல் வைத்ததும் அவர் புருவம் ஏறியது. லேப்டாப்பில் வரைந்த படத்தில் அவர் போட்ட எடைக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். பாயைப் பார்த்தார். பூட்டுக்கட்டையைக் கொஞ்சம் தடியாக வைக்கச் சொன்னேன், சேஃப்டிக்கு என்றார் பாய். அக்கா அங்கேயே நின்று ஷெட்டுக்குப் போன் போட்டார். முனைகளைக் கடைந்தவர், படத்தைவிட ஒரு நூல் தடிப்பு கூடுதலாக விட்டுத்தான் கடைந்தேன், சேஃப்டிக்கு என்றார். மாட்டியவர், அலுமினிய போல்ட் வேண்டாம் என்று ஸ்டீல் போட்டேன், சேஃப்டிக்கு என்றார். அந்தப் பேட்டையிலிருந்து போன சாமான் எதுவும் கனம் என்று திரும்பி வந்ததில்லை. உடைந்தது என்றுதான் வந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கையும் அடுத்த கைக்குத் தெரியாமல் கொஞ்சம் சேர்த்திருந்தது. எல்லாம் நல்ல எண்ணம்தான்.

பாய் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "படத்துல?"

அக்கா தராசின் ஸ்விட்சை அணைத்துப் பைக்குள் வைத்தார். "படத்துலயும் கொஞ்சம் போட்டிருக்கேன்" என்றார்.

இறங்கும்போது பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஷெட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. சாயங்காலமாகிவிட்டது, ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூரியர்காரர் வருவதற்கு மறுநாள் ஒரு பகல்தான் இருந்தது. சேர்த்தவர்களையே குறைக்கச் சொன்னால் அவர்கள் கை வராது என்று அக்கா சொன்னார். தன் கையும் வராது என்றார். சேர்க்காத ஒருவர் வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அட்டைப்பெட்டிகளை விரித்து லேத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன்.

அந்தக் குச்சி தேறியதா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். தேறியது, அந்த ஷெட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை அது யாருக்கும் தெரியாது. அக்கா டீயோடு வந்து, புதிதாக வரைந்த படத்தை வைஸ் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். பாய் பூட்டுக்கட்டையை வைஸில் கடித்துப் பிடிக்க வைத்து, ஒரு அரத்தை என் கையில் கொடுத்தார். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டேன். பயம் வருகிற வரைக்கும் எடு, அதற்கு அப்புறமும் கொஞ்சம் எடு, நான் மணலோடு குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார். குதிகாலில் துணி சுற்றிக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றி, முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டேன். அரத்தை முன்னால் தள்ளினேன். அலுமினியத் தூள் வெள்ளையாக என் பாதத்தின்மேல் விழுந்தது. இருக்கிற எடையைக் குறைப்பது; அதுதான் அங்கே எனக்குக் கிடைத்த வேலை.